மோட்டார் ரூம் செருப்பு

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போன மே மாதம் முழுக்க அதை நம்ப ஒரு ஆள் கிடைக்கவில்லை. பெங்களூரில் இருக்கும் என் மகன் ஆஸ்வின் நம்பவில்லை. பக்கத்து ஃப்ளாட் முத்துகிருஷ்ணனும் நம்பவில்லை. அவர் அதோடு நிற்காமல் பில்டிங் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டும் திரிந்தார்.

என் பெயர் ஆலிஸ். வயது அறுபத்திரண்டு. முப்பத்தொரு வருஷம் ஒரு பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டாவது மாடியில் இருக்கும் என் ஃப்ளாட்டில் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர். காலை ஆறு மணிக்கு ஒன்பது பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு. கணவர் பிரகாசம் போய் நாலு வருஷம் ஆகிறது. தனியாகத்தான் இருக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். இந்த இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் ஏனோ யாருக்கும் பிடிப்பதில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, மின்தூண்டல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று ஸ்பீக்கரிலிருந்து ஒரு சத்தம். ஒருவர் வாயை மூடிக்கொண்டு விடாமல் 'ம்ம்ம்ம்' என்று முனகினால் எப்படி இருக்கும், அப்படி. ஒரு பிள்ளை கேட்ட சந்தேகம் அந்த முனகலுக்குள் காணாமல் போயிற்று. ஆறே முக்காலுக்கு அது தானாக நின்றது. மறுநாள் சரியாக ஆறு மணிக்கு மறுபடியும் ஆரம்பித்தது.

"உங்களுக்குக் கேக்குதா?" என்று பிள்ளைகளிடம் கேட்டேன். "இல்லையே மிஸ்" என்று ஒன்பது பேரும் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் ஆஸ்வினிடம் சொன்னேன். என் தப்பு, சொல்லியிருக்கவே கூடாது. அவன் உடனே வீடியோ காலிலேயே கேட்டுப் பார்க்கலாம் என்றான். மறுநாள் ஆறே காலுக்குத் தூக்கக் கலக்கத்தோடு வீடியோ காலில் வந்தான். ஸ்பீக்கர் என் முன்னால் முனகிக்கொண்டே இருந்தது. அவனோ, "உங்க குரல் மட்டும்தாம்மா கேக்குது. வேற ஒண்ணுமே இல்ல" என்றான். ஃபோனில் பதிவு செய்து அனுப்பினேன். அதிலும் ஒன்றும் இல்லை என்றான்.

இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான். ஏதோ படித்திருக்கிறான். "இதுக்கு டின்னிடஸ்னு பேரும்மா. சத்தம் வெளியில இருக்காது, காதுக்குள்ளயே கேக்கும். வயசானா வர்றதுதான், பயப்படாதீங்க."

"நான் பயப்படலடா. ஸ்பீக்கர்ல கோளாறுன்னு சொல்றேன்."

"சரிம்மா, சரி" என்றான். அந்த 'சரி' இருக்கிறதே, குழந்தைக்குச் சொல்லும் 'சரி' அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகுதான் அசல் விஷயத்துக்கு வந்தான். "இதுக்குத்தான் சொல்றேன். இனிமே நீங்க தனியா இருக்க வேணாம். வீட்டைக் குடுத்துட்டு இங்க வந்துடுங்க. முத்துகிருஷ்ணன் அங்கிள் இப்பவும் வாங்கிக்க ரெடியா இருக்கார்."

முத்துகிருஷ்ணனுக்கு தி.நகரில் பாத்திரக்கடை. எங்கள் பில்டிங் அசோசியேஷனுக்குச் செயலாளரும் அவர்தான். மகனுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அவர் கண் என் ஃப்ளாட் மேல்தான். நடுச்சுவரை இடித்து இரண்டு வீட்டையும் ஒன்றாக்க வேண்டும் என்று ஆசை. கெட்ட மனுஷன் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முதல் ஆளாக வந்து வாழ்த்துவார். ஆனால் வாழ்த்திக்கொண்டே கையால் சுவரை அளப்பார்.

வீடு என் பெயரிலும் ஆஸ்வின் பெயரிலும் இருக்கிறது. நான் கையெழுத்துப் போடாமல் விற்க முடியாது. ஆனால் பத்திரம் என்னிடம் இல்லை. பிரகாசம் இறந்த மாதமே, "நீங்க எங்கயாவது வெச்சுட்டு மறந்துடுவீங்கம்மா" என்று சொல்லி ஆஸ்வின் அதை பெங்களூருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்போது அழுதுகொண்டிருந்தேன், கொடுத்துவிட்டேன். இப்போது, ஜூன் முதல் ஞாயிறு பத்திரத்தோடு வருகிறேன், உட்கார்ந்து பேசி முடிக்கலாம், மறுநாள் திங்கட்கிழமை அடையாறில் காது டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன் என்றான். எல்லாவற்றையும் அவனே முடிவு செய்துவிட்டான். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் காதில் இல்லாத சத்தம் கேட்கிற அம்மா சொல்லும் 'முடியாது'க்கு என்ன மதிப்பு? முதலில் அந்தச் சத்தம் நிஜம் என்று நிரூபிக்க வேண்டும். கையில் ஐந்து வாரம் இருந்தது.

லேப் நோட்டு மாதிரி ஒரு நோட்டு போட்டேன். முதலில் ஸ்பீக்கரின் சத்தத்தைச் சுழியம் வரை குறைத்தேன். முனகல் குறையவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினேன். முனகல் நின்றது. அப்படியென்றால் ஸ்பீக்கர் தானாக முனகவில்லை, கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து ஏதோ வருகிறது. ஒயரை மாற்றினேன், பிளக்கை வேறு சுவருக்கு மாற்றினேன், ஃபேனை அணைத்தேன், ஃப்ரிட்ஜை அணைத்தேன். பால் திரிந்ததுதான் மிச்சம்.

முத்துகிருஷ்ணனைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். அவர் எட்டு மணிக்குப் பூஜை முடித்து, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். ஸ்பீக்கர் சாதுவாக இருந்தது. "ஒண்ணும் கேக்கலையே டீச்சர்" என்றார் மிகவும் அன்பாக. "ஒங்களுக்கு மட்டும் கேக்குதோ? தம்பி போன்ல சொன்னாரு. உடம்பப் பாத்துக்கிடுங்க."

ஆஸ்வின் கூட மே நடுவில் ஒரு நாள் வேலையாக வந்து தங்கினான். காலை ஆறு மணிக்கு எழுப்பினேன். தலையணையை எடுத்துக் காதை மூடிக்கொண்டான். எழுந்தபோது எட்டரை.

இரண்டு ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு மந்தைவெளிக்குப் போனேன். அங்கே கரீமுல்லா என்று ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக். பொறுமைசாலி. அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். கடையில் அது மூச்சுக்கூட விடவில்லை.

"சாமான்லாம் நல்லாத்தான் கீது மேடம்" என்றார். என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்கும் போல. மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றும் ஒரு சின்னக் கட்டையை எடுத்துக் கொடுத்தார். "வீட்டாண்ட போய் இத்த மாட்டிப் பாருங்க. எர்த்த கட் பண்ணிடும், சத்தம் போய்டும். அல்லாரும் இப்டித்தான் பண்றாங்க."

மறுநாள் ஆறு மணிக்கு மாட்டினேன். முனகல் சட்டென்று நின்றது. அப்படியே விட்டிருந்தால் அன்றோடு நிம்மதி. ஆனால் எர்த் பின் ஏன் மற்ற இரண்டையும் விட நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது என்று வருஷா வருஷம் இரண்டு மார்க் கேள்வி போட்டவள் நான். கரண்ட் எங்கேயாவது கசிந்தால் மனுஷன் உடம்பு வழியாகப் போகாமல் மண்ணுக்குப் போவதற்கென்று இருக்கும் வழி அது. அதை வெட்டினால் சத்தம் போகிறது என்றால், நோய் ஸ்பீக்கரில் இல்லை, எர்த்தில் இருக்கிறது. கட்டையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். முனகல் திரும்ப வந்தது. வரட்டும்.

அலமாரியில் வோல்ட் அளக்கும் என் பழைய மல்டிமீட்டர் இருந்தது. சுவர் சாக்கெட்டில் எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்துப் பார்த்தேன். ஒன்றோ இரண்டோ வோல்ட்தான் காட்ட வேண்டும். ஆறேகாலுக்கு அறுபத்துநாலு காட்டியது. எட்டு மணிக்குப் பார்த்தால் இரண்டு. யாரோ தினமும் ஆறு மணிக்கு எங்கள் எர்த் ஒயருக்குள் கரண்டைத் தள்ளுகிறார்கள். யார்?

இதை ஆஸ்வினிடம் சொன்னேன். அவன் மெதுவாக, "அம்மா, நீங்க சாக்கெட்லலாம் எதையாவது விட்டுக்கிட்டு இருக்கீங்களா? ப்ளீஸ், அதெல்லாம் பண்ணாதீங்க" என்றான். அவன் குரலில் நிஜமாகவே பயம் இருந்தது. நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் மனசு ஆடத்தான் செய்யும். மத்தியானம் சாந்தோம் கோயிலுக்குப் போனேன். பூசை எதுவும் இல்லாத நேரம். ஃபேன் கூட ஓடவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, காதுக்குள் ஏதாவது முனகுகிறதா என்று கவனித்தேன். வெளியே பஸ் போனது. பக்கத்தில் ஒரு அம்மாள் ஜெபமாலை உருட்டும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். கால் மணி நேரம் உட்கார்ந்தேன், முனகல் இல்லை. ஜெபிக்க மறந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மாதா மன்னிப்பாள்.

விடை வந்தது தண்ணீர்ப் பஞ்சத்தால். மே கடைசி வாரம் ஒரு புதன்கிழமை லாரி வரவில்லை. கீழே தரைத்தொட்டி காலி. அன்று ஆறு மணிக்கு ஸ்பீக்கர் முனகவில்லை. மல்டிமீட்டரை வைத்தேன், இரண்டு வோல்ட். வகுப்பை அப்படியே நிறுத்தி, "பத்து நிமிஷம் கணக்கு போட்டுக்கிட்டு இருங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நைட்டியோடு கீழே இறங்கினேன்.

பங்கஜம் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் பில்டிங்கைப் பார்த்துக்கொள்பவள் அவள். பெருக்குவது, குப்பை எடுப்பது, தினமும் காலையில் மோட்டார் போட்டுத் தரைத்தொட்டித் தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றுவது எல்லாம் அவள் வேலை.

"பங்கஜம், தினமும் எத்தனை மணிக்கு மோட்டார் போடறே?"

"ஆறு மணிக்கு டீச்சரம்மா. ஆறே முக்காலுக்கு ரொம்பிடும். இன்னிக்கு சொட்டுத் தண்ணி இல்ல, இன்னாத்த போடறது?"

என்னை மோட்டார் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து. சுவரில் இரும்பு ஸ்விட்ச் பெட்டி. அதன் பக்கத்தில் ஆணியில் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு தொங்கியது.

"இது யாரோடது?"

"மோட்டாருக்கு. அத்தப் போட்டுக்கினுதான் பொட்டியத் தொடணும். இல்லாங்காட்டி சுர்ருனு இழுக்கும். ஒரு தபா இந்தக் கை தோள் வரிக்கும் மரத்துப் போச்சு." ஏதோ கதவு கொஞ்சம் இறுகிப்போச்சு என்பது போலச் சொன்னாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"கார் நிறுத்துற எடத்துல டைல்ஸ் போட்டாங்களே, அப்பாலதான். செகரட்டரி சாராண்ட சொன்னேன். அவர்தான் இந்தச் செருப்ப வாங்கிக் குடுத்தாரு."

கார் நிறுத்தும் இடத்தின் மூலையில்தான் பில்டிங்கின் எர்த் குழி இருந்தது. கரியும் உப்பும் போட்டு மூடிய ஒரு அடி அகலக் குழி. அதன் மேல் ஒரு சிமென்ட் மூடி. பழைய வாட்ச்மேன் கோடை வந்தால் சனிக்கிழமை தோறும் அதில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார். மண் ஈரமாக இருந்தால்தான் கரண்ட் மண்ணுக்குள் இறங்கும். ஏப்ரலில் பளபளவென்று புது டைல்ஸ் வந்தது, குழி அடியில் போய்விட்டது. மண் காய்ந்துவிட்டது. மோட்டாரில் கசிகிற கரண்ட் போக வழியில்லாமல் பில்டிங் முழுக்க எர்த் ஒயரில் சுற்றிக்கொண்டு, என் ஸ்பீக்கரில் வந்து முனகுகிறது. பங்கஜத்தின் கையில் சுர்ரென்று இழுக்கிறது. நான் காதுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, இவள் ஒரு ஜோடி செருப்பை நம்பி ஒரு மாதமாக உயிரைப் பணயம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நேராக முத்துகிருஷ்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். டைல்ஸை உடைக்க வேண்டும் என்றதும் அவர் முகம் மாறியது.

"டைல்ஸ் போட்டு ரெண்டு மாசம் ஆகல. அந்தம்மாவுக்கு எப்பவும் ஈரக் கை. அதுல போய் தொட்டா லேசா சுருக்குனுதான் இருக்கும். மோட்டார்ல ஒரு கோளாறும் கெடையாது டீச்சர். சத்தம் கேக்குது, கரண்ட் கசியுதுன்னு நீங்களா எதையாவது நெனச்சுக்கிடுதீக." பிறகு குரலை இறக்கினார். "ஞாயித்துக்கெழம தம்பி வாராருல்லா. எல்லாம் நல்லபடியா முடியும். நீங்க ரெஸ்ட் எடுங்க."

ரெஸ்ட். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்குள் ஒரு தெளிவு வந்தது. சொன்னால் இந்த ஆட்கள் நம்பப் போவதில்லை. பரிசோதனைதான் வழி.

மறுநாள் லாரி வந்துவிட்டது, மோட்டாரும் முனகலும் கூடவே வந்துவிட்டன. பெட்டியை நீ தொடாதே, நான் மரக் குச்சியால் ஸ்விட்சைத் தள்ளுகிறேன் என்று பங்கஜத்திடம் சொல்லி, தினமும் நானே இறங்கிப் போனேன். சனிக்கிழமை அவளிடம், "நாளைக்குக் காலையில நாம ரெண்டு பேரும் மோட்டார் போட வேணாம். யார் வந்து கத்தினாலும் நீ போடாதே" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சார் வேலய விட்டுத் தூக்கிட்டார்னா?"

"அப்புறம் பன்னெண்டு வீட்டு வாசல்லயும் நான் போய் உக்காருவேன். ஒரு ஆள் நிம்மதியா காபி குடிக்க முடியாது."

பங்கஜம் சிரித்தாள். "நீங்க செஞ்சாலும் செய்வீங்க. சரி, தொடமாட்டேன். எனக்கும்தான் எத்தினி நாளு இந்தச் செருப்போட குடும்பம் நடத்துறது."

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு ஆஸ்வின் வந்தான். தோள்பையில் பழுப்புக் கவர். அதற்குள் பத்திரம். கன்னத்தில் முத்தம் கொடுத்தான், இளைத்துவிட்டீர்கள் என்றான். முகம் கழுவக் குழாயைத் திருப்பினான். தண்ணீர் வரவில்லை. மாடியிலும் கீழேயும் அதற்குள் கூச்சல் ஆரம்பித்துவிட்டது.

"கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரு" என்றேன். "பாட்டு போடாதே, எதையும் தொடாதே. சும்மா உக்காந்து ஸ்பீக்கரைக் கவனி."

"அம்மா, என்ன இது? அங்கிள் இப்ப வந்துடுவார்."

"உனக்காக நான் எத்தனை வருஷம் டியூஷன் வாசல்ல உக்காந்திருக்கேன். எனக்காக அரை மணி நேரம் உக்காரு." உட்கார்ந்தான். முகத்தில் அந்த 'சரிம்மா' இருந்தது. மல்டிமீட்டரைத் தூக்கிக்கொண்டு நான் கீழே போனேன்.

கீழே பாதி பில்டிங் கூடியிருந்தது. மூன்றாவது மாடியில் இருக்கும் தபஸ்ஸும் என்கிற பெண் தலை நிறைய ஷாம்பூ நுரையோடு, தோளில் துண்டோடு படியில் நின்றாள். முத்துகிருஷ்ணன் கையில் ஒரு ஸ்வீட் பெட்டி. என் வீட்டுக்கு வரக் கிளம்பியவரை நடுவழியில் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். அவர் பங்கஜத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். பங்கஜம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான் தொட மாட்டேன் சார். ஷாக் அடிக்கிது. ஆவுறது ஆவட்டும்" என்றாள்.

"என்ன ஷாக்கு? நல்லா இருக்கிற மோட்டாரு. அந்த டீச்சர் சொல்லுதாகன்னு நீயுமா?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கொஞ்சம் தடுமாறினார். ஆனால் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. "சரி, நானே போடுதேன். எல்லாரும் பாத்துக்கிடுங்க."

மோட்டார் ரூமுக்குள் நுழைந்தார். ஸ்வீட் பெட்டியை ஓரமாக வைத்தார். பிறகு தன் தோல் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆணியிலிருந்து நீல ரப்பர் செருப்பை எடுத்துக் கீழே போட்டு, இரண்டு காலையும் நுழைத்துக்கொண்டார். வீட்டு வாசலில் செருப்பு விடுகிற மாதிரி, யோசிக்காமல் செய்தார். ஸ்விட்சைத் தட்டினார். மோட்டார் ஓடியது.

"பாத்தீகளா?" என்று திரும்பினார்.

நான் காத்திருந்தேன். அரை நிமிஷம் கூட ஆகவில்லை, மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ஆஸ்வின் இரண்டு இரண்டு படியாக இறங்கி வந்தான்.

"அம்மா, சத்தம் வருது. ஸ்பீக்கர்ல. நீங்க சொன்ன மாதிரியே வருது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அது சந்தோஷ அழுகை இல்லை, ஐந்து வாரக் கோபம். துடைத்துக்கொண்டேன். அழுதுகொண்டே பேசினால் இவர்கள் அதையும் வயசில் சேர்த்துவிடுவார்கள்.

"முத்துகிருஷ்ணன் சார்" என்றேன். "மோட்டார்ல கோளாறு இல்லன்னு சொன்னீங்களே. அப்புறம் எதுக்கு செருப்பை மாத்தினீங்க?"

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். எல்லோரும் அவர் காலைப் பார்த்தார்கள். ஆஸ்வினும் பார்த்தான். பக்கத்தில் அவருடைய தோல் செருப்பு ஜோடியாகக் கிடந்தது.

"ஈரமா இருக்கேன்னு..." என்றார்.

"ரெண்டு நாளா இந்த ரூம்ல ஈரமே இல்ல. அந்தச் செருப்பைக் கழட்டிட்டுப் பெட்டியைத் தொட முடியுமா உங்களால?"

கேட்டிருக்கக் கூடாது. மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நீலச் செருப்பை உதறினார். வெறுங்காலோடு தரையில் நின்று கையை நீட்டினார். விரலுக்கும் பெட்டிக்கும் நாலு விரற்கடைதான் இருக்கும். நான் பாய்ந்து, அடுப்புக்கு மேல் கையை நீட்டுகிற பிள்ளையை அடிப்பது போல, புறங்கையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"அறுபத்துநாலு வோல்ட் சார்" என்றேன். "வேர்த்த உடம்புக்கு அது போதும். எனக்கு ஜெயிக்கணும், உங்களைக் கொல்லணும்னு இல்ல."

மரக் குச்சியால் மோட்டாரை அணைத்தேன். தபஸ்ஸும்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நாங்களும்தான் ஆன்ட்டி. பங்கஜம் ஊருக்குப் போன அன்னைக்கு நான் மோட்டார் போட்டேன். அந்தச் செருப்பைத்தான் போட்டுக்கிட்டேன். ஏன்னு கேக்கவே தோணல." முதல் மாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் போட்டிருக்கிறார் போல.

முத்துகிருஷ்ணன் புறங்கையைத் தடவிக்கொண்டே நின்றார். "குழி பாக்க அசிங்கமா இருக்கு, மூடிருங்கன்னு டைல்ஸ்காரன்கிட்ட நாந்தான் சொன்னேன்" என்றார். "தெரியாமப் போச்சு டீச்சர்."

"தெரியாம மூடினது தப்பே இல்ல சார். ஷாக் அடிக்குதுன்னு இவ வந்து சொன்னப்புறம் செருப்பு வாங்கிக் குடுத்தீங்களே, அதுதான் தப்பு."

குழி இருந்த இடத்தை அவரே காட்டினார். ஆஸ்வின் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கடப்பாரையை எடுத்தான். பெங்களூரில் ஒரு பல்பு மாற்றக் கூட ஆள் கூப்பிடுகிறவன். மூன்றாவது குத்தில் டைல்ஸ் உடைந்தது. சிமென்ட் மூடியைத் தூக்கினால் உள்ளே மண் சாம்பல் மாதிரி உதிர்ந்தது. தரைத்தொட்டியிலிருந்து பங்கஜம் வாளி வாளியாக மொண்டு ஊற்றினாள். மண் களக் களக் என்று குடித்துக்கொண்டே இருந்தது. முத்துகிருஷ்ணன் வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் கல்லுப்பு வந்தது. அதையும் போட்டு இன்னும் நாலு வாளி ஊற்றினோம்.

அரை மணி நேரம் கழித்து மோட்டாரைப் போட்டு மல்டிமீட்டரை வைத்தேன். ஒன்பது வோல்ட். ஆஸ்வின் என் கையிலிருந்து மீட்டரை வாங்கி அவனே ஒரு முறை பார்த்தான். தொட்டி நிறைந்ததும், கசிகிற மோட்டாரைச் சரி செய்யாமல் இனி யாரும் போடக் கூடாது, கசிந்தால் தானாக அணைகிற ஸ்விட்சும் வைக்க வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். எலக்ட்ரீஷியன் பஞ்சாட்சரத்துக்கு முத்துகிருஷ்ணன் அங்கேயே நின்று ஃபோன் செய்தார். பங்கஜம் நீலச் செருப்பைத் தூக்கிக் குப்பைக் கூடையில் எறிந்தாள்.

மேலே வந்து சோறு போட்டேன். முத்துகிருஷ்ணன் அன்று என் வீட்டுக்கு வரவில்லை. ஸ்வீட் பெட்டியை மட்டும் பங்கஜத்திடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

ஆஸ்வின் பாதிச் சாப்பாட்டில் நிறுத்தினான். "எனக்கு எப்படிம்மா தெரியும்? ஒரு தடவை கூட வீடியோ கால்ல அந்தச் சத்தம் வரவே இல்லையே."

"வராதுடா. ஃபேன் சத்தம், ஏசி சத்தம் மாதிரி ஒரே சீரா வர்ற எதையும் அந்த ஆப் வடிகட்டிடும். அவ்ளோ தாழ்ந்த சத்தம் உன் ஃபோன் ஸ்பீக்கர்லயும் எழும்பாது. இது உனக்குத் தெரிஞ்சிருக்கும். நீ பாக்கறதே கம்ப்யூட்டர் வேலைதானே."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெரிந்திருக்கிறது. யோசிக்கத் தோன்றவில்லை.

"ஆறு மணிக்கு எழுந்து இந்த நாற்காலியில ஒரே ஒரு நாள் உக்காந்திருந்தா போதும்" என்றேன். "அம்மா சொல்றது நிஜமான்னு பாக்க உனக்கு நேரமில்ல. ஆனா காதுக்கு டாக்டரும், வீட்டுக்கு ஆளும் பாக்க நேரம் இருந்துச்சு. அதுதாண்டா எனக்கு வலிக்குது."

"ஸாரிம்மா" என்றான். கண் கலங்கியிருந்தது. எனக்கு இளகத்தான் செய்தது, பெற்ற பிள்ளை இல்லையா. குழம்பை இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன். ஆனால் கரண்டியை வைத்துவிட்டு மற்றொரு கையை அவன் முன்னால் நீட்டினேன்.

"என்னம்மா?"

"பத்திரம்."

அவன் என் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். எழுந்துபோய்க் கையைக் கழுவினான். குழாயில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு வந்து, பையிலிருந்து பழுப்புக் கவரை எடுத்தான். ஒரு நிமிஷம் கையிலேயே வைத்திருந்தான்.

"எங்க வைக்கப் போறீங்கம்மா? லாக்கர் எதுவும் இல்லையே" என்று கேட்டான்.

"என் வீட்டுல" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.